தத்துக் கொடுக்கும் முன் நாயின் குணத்தைப் பார்ப்பது எப்படி? காப்பகத்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு

நாய்கள் காப்பகத்தில் சேவைக்கு வருபவர்களுக்கு முதலில் கிடைக்கும் வேலை கூண்டு கழுவுவதும் சோறு வைப்பதும்தான். சில வாரம் போனதும் ஒரு தாளைக் கையில் கொடுத்து, "இந்த நாயை வீட்டுக்குக் கொடுக்கலாமா, பார்த்துச் சொல்லுங்க" என்பார்கள். அந்தத் தாளை நிரப்புவது எப்படி என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை. புதுச்சேரி, கடலூர் பக்கத்து நாய்களையும் வீடுகளையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

அந்தத் தாளில் நீங்கள் எழுதும் ஒரு சொல்லில் நாயின் மீதி வாழ்க்கை அடங்கிவிடும். 'கடிக்கும்' என்று எழுதிவிட்டால் அதைக் கேட்டு யாரும் வரமாட்டார்கள், வருஷக்கணக்கில் கூண்டுதான். யோசிக்காமல் 'ரொம்ப சாது' என்று எழுதினால், கைக்குழந்தை தவழும் வீட்டுக்கு அது போய்ச் சேரலாம். ஒரு நாள் குழந்தையின் முகத்தில் பல் படலாம். இரண்டுமே நடக்கிறவைதான். அதனால் இந்த வேலையில் அவசரம் ஆகாது.

அரை மணி நேரச் சோதனை ஒன்றை வைத்து நாயின் குணத்தைச் சொல்லிவிட முடியாது. அமெரிக்கக் காப்பகங்களில் பல வருஷமாக அப்படிப்பட்ட சோதனைகள் நடந்துவந்தன. 2016-இல் கேரி பேட்ரோனெக், ஜேனிஸ் பிராட்லி என்ற இரு ஆய்வாளர்கள் அவற்றை அலசிப் பார்த்து, வீட்டுக்குப் போனபின் எந்த நாய் தொந்தரவு கொடுக்கும் என்று கண்டுபிடிப்பதில் இவை காசு சுண்டிப் பார்ப்பதைவிட மேல் இல்லை என்று எழுதினார்கள். அதற்காகப் பார்க்காமலே கொடுத்துவிடலாம் என்று அர்த்தம் இல்லை. பல நாளில், பல இடத்தில், பல பேர் பார்த்ததைச் சேர்த்து எழுத வேண்டும். எழுதுவதும் தீர்ப்பாக இருக்கக் கூடாது, கண்ணால் கண்டதாக இருக்க வேண்டும். கீழே வருவதெல்லாம் இதைச் செய்யும் வழிமுறைதான்.

முதலில் உங்களுக்கு ஊசி

நாயைத் தொடும் வேலைக்கு வருபவர்கள் வெறிநாய்க்கடித் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டுக்கொள்ள வேண்டும். முதல் நாள், ஏழாம் நாள், பிறகு 21 அல்லது 28-ஆம் நாள் என்று மூன்று தவணை. இதைத் தள்ளிப்போடாதீர்கள். பல் பட்டாலோ நகம் கீறினாலோ உடனே குழாயைத் திறந்து, ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் வைக்காதீர்கள். கழுவிய கையோடு கோரிமேடு ஜிப்மருக்கோ, கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கோ, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போய்விடுங்கள். முன்பே ஊசி போட்டிருந்தாலும் போக வேண்டும். தவணை குறையுமே தவிர, ஊசியே வேண்டாம் என்று ஆகாது.

கடித்த நாயை 10 நாள் தனியே வைத்துக் கவனிப்பது வழக்கம். எச்சில் ஒழுகுவது, தண்ணீர் விழுங்க முடியாமல் திணறுவது, பின்னங்கால் தள்ளாடுவது, நேற்றுவரை சாதுவாக இருந்தது திடீரென்று கண்டதையும் கவ்வுவது, இவற்றில் எது தெரிந்தாலும் குணம் பார்க்கும் பேச்சே கிடையாது. கூண்டைப் பூட்டிவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள்.

வந்த அன்றே முடிவு செய்யாதீர்கள்

காப்பகத்துக்கு வந்த நாய்க்கு முதல் சில நாள் பெரும் கலவரம். அறிமுகமில்லாத வாசனை, இருபது முப்பது நாய்களின் குரைப்பு, தலைக்கு மேல் தகரக் கூரை. வந்த முதல் மூன்று நாளில் மன அழுத்தத்தைக் காட்டும் கார்டிசால் என்ற ஹார்மோன் நாயின் ரத்தத்தில் ஏறியிருக்கும் என்று 1990-களிலேயே அளந்து பார்த்திருக்கிறார்கள். அந்த நாட்களில் சில நாய் சோற்றைத் தொடாது, சில மூலையில் பம்மிக் கிடக்கும், சில கிட்டே வருகிறவர்களை எல்லாம் உறுமும். அது அந்த நாளின் பயம். அதைக் குணம் என்று எழுதிவிடக் கூடாது.

பார்வோ, டிஸ்டெம்பர் போன்ற தொற்றுநோய்கள் பரவாமல் இருக்கப் புதிதாக வந்த நாயை இரண்டு வாரமாவது தனியே வைக்கத்தான் வேண்டும். அந்த இரண்டு வாரத்தை வீணாக்காமல், தினமும் சோறு வைப்பவரும் கூண்டு கழுவுபவரும் ஆளுக்கு ஒரு வரி எழுதட்டும். "இன்று என் கையிலிருந்து பிஸ்கட் வாங்கியது", "துடைப்பத்தைப் பார்த்ததும் பின்னால் ஒதுங்கியது" என்ற அளவில் போதும். பின்னால் நீங்கள் வைக்கும் எந்தச் சோதனையையும்விட இந்த வரிகள் மதிப்புப் பெறும். எல்லாக் காப்பகத்திலும் நாயை நன்றாகத் தெரிந்தவர் கூண்டு கழுவும் ஆள்தான். தாளை நிரப்பும்போது பெரும்பாலும் அவரிடம் யாரும் கேட்பதில்லை. நீங்கள் கேளுங்கள்.

பழைய கதையை விசாரிப்பது

வீட்டு நாயைக் கொண்டுவந்து விடுகிறவர்களிடம் "ஏன் விடறீங்க?" என்று கேட்டால் "வீடு மாத்தறோம்", "பொண்ணுக்கு அலர்ஜி" என்று ஒரு பதில் வரும். உண்மையாகவும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அந்தக் கேள்வியால் பயனில்லை. அன்றாட நடப்பைக் கேளுங்கள்.

ராத்திரி எங்கே படுக்கும்? சங்கிலியில் எத்தனை மணி நேரம் இருக்கும்? சாப்பிடும்போது கிட்டே போவீங்களா? கேஸ் சிலிண்டர் போடுகிறவர் வந்தால் என்ன செய்யும்? குக்கர் விசில் அடித்தால்? தீபாவளிக்கு எங்கே போய் ஒளியும்? குளிப்பாட்டுவது யார்? எப்போதாவது பல் பட்டிருக்கிறதா, அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது, ரத்தம் வந்ததா, மறுபடி நடந்ததா?

கடைசிக் கேள்வியைக் குற்றம் சாட்டும் குரலில் கேட்டால் வாயை மூடிக்கொள்வார்கள். "இதைச் சொன்னீங்கன்னா சரியான வீடா பார்த்துக் கொடுக்கலாம்மா, அதுக்குத்தான் கேக்கறேன்" என்று சொல்லிப் பாருங்கள். தயங்கித் தயங்கியாவது சொல்வார்கள்.

தெருவிலிருந்து வந்த நாய்க்குக் கதை இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். வீட்டு நாயைப் பற்றிச் சொல்ல ஒரு குடும்பம்தான் இருக்கும். தெரு நாயைப் பற்றிச் சொல்ல ஒரு தெருவே இருக்கும். பிடித்த இடத்துக்கு ஒரு நடை போய்வாருங்கள். டீக்கடை அண்ணன், பூ கட்டும் அக்கா, இட்லிக் கடை ஆயா, ஆட்டோ ஸ்டாண்டில் இருப்பவர்கள் என்று யாராவது அதற்குச் சோறு போட்டிருப்பார்கள். பைக்கைத் துரத்துமா, பள்ளிக்கூடப் பிள்ளைகள் தட்டிக்கொடுத்தால் நிற்குமா, குட்டி போட்டிருந்தபோது எப்படி இருந்தது என்றெல்லாம் அவர்கள் சொல்லும் தகவலை வேறு எங்கேயும் வாங்க முடியாது. காதில் வெட்டு இருந்தால் கருத்தடை முடிந்த நாய் என்று அடையாளம், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வந்த தேதிக்கும் அர்த்தம் உண்டு. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அந்த மாதிரி மழை வெள்ளத்தில் மீட்டு வந்த நாய் இடிச் சத்தத்துக்கு நடுங்கினால் அதற்கு ஒரு காரணம் நம் கையில் இருக்கிறது. தத்தெடுப்பவரிடம் அதைச் சொல்லலாம்.

டாக்டர் பார்க்காமல் குணம் பார்க்கக் கூடாது

இந்தப் படியைத் தாண்டிப் போவதால்தான் நிறைய நாய்களுக்குக் கெட்ட பெயர் வருகிறது.

நெல்லித்தோப்பு மார்க்கெட் பக்கத்திலிருந்து ஒரு பெட்டை நாய் வந்தது. செம்பழுப்பு நிறம், பெயர் செவலை. கையிலிருந்து கோழித் துண்டு வாங்கும், மடியில் தலை வைக்கும். பெல்ட் மாட்டக் கை கழுத்துப் பக்கம் போனால் மட்டும் சட்டென்று திரும்பிப் பல்லைக் காட்டும். ஒருமுறை சட்டைக் கையைக் கவ்வி இழுத்தும்விட்டது. தாளில் 'எப்போது கடிக்கும் என்று சொல்ல முடியாது' என்று ஏறிவிட்டது. பிறகு டாக்டர் மயக்க ஊசி போட்டுக் கழுத்து முடியை விலக்கிப் பார்த்தார். குட்டியாக இருக்கும்போது யாரோ கட்டிய நைலான் கயிறு, நாய் வளர வளரத் தோலுக்குள் புதைந்து, மேலே சதை மூடியிருந்தது. விரல் அளவுக்குக் கயிறு, சீழோடு வெளியே வந்தது. புண் ஆறியபின் பெல்ட் மாட்டவும் விட்டது, முன்னாலிருந்து, தாடைக்குக் கீழே கையைக் கொண்டுபோனால் மட்டும். தலைக்கு மேலே வரும் கைக்கு இன்னமும் ஒதுங்கும். செவலையின் தாளில் இப்போது இருக்க வேண்டிய வரி இதுதான்.

காதுக்குள் சீழ், உடைந்த பல், இடுப்பில் பழைய வண்டி அடி, உண்ணிக் காய்ச்சலில் வரும் மூட்டுவலி எல்லாம் நாயைச் சிடுசிடுப்பாக்கும். நம் கடலோரத்தில் உண்ணிக்குக் குறைவே இல்லை. ரத்தப் பரிசோதனை செய்யாமல் 'சோம்பேறி நாய், சாது' என்று எழுதிவிட்டு, மருந்து கொடுத்து உடம்பு தேறியதும் அது சுவரேறிக் குதிப்பதைப் பார்த்து வீட்டுக்காரர் திகைத்த கதைகள் உண்டு. வயதான நாய்க்குக் கண்ணும் காதும் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். காது கேட்காத நாயைத் தூக்கத்தில் தொட்டால் பதறிக் கவ்வும். அது கோபம் அல்ல. இணைசேரும் பருவத்தில் இருக்கும் பெட்டை, பால் கொடுக்கும் தாய், கருத்தடை முடிந்து தையல் பிரிக்காத நாய் ஆகியவற்றுக்குக் குணம் பார்ப்பதைத் தள்ளிப்போடுங்கள். புதுச்சேரிக்காரர்களுக்குக் குரும்பாப்பேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருப்பது பெரிய வசதி.

கூண்டுக்கு வெளியே உட்கார்ந்து பார்ப்பது

இனி நீங்கள் நேராகப் பார்க்கும் கட்டம். கூண்டுக்கு முன் நிமிர்ந்து நின்று கண்ணோடு கண் பார்க்காதீர்கள். பக்கவாட்டில் திரும்பித் தரையில் உட்காருங்கள். பேசவும் வேண்டாம், கையை நீட்டவும் வேண்டாம். ஐந்து நிமிஷம் அப்படியே இருந்து, நாய் என்ன செய்கிறது என்று கடைக்கண்ணால் பாருங்கள்.

வால் ஆடினால் நட்பு என்று எல்லோரும் நம்புகிறோம். வாலை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். உடம்பு முழுவதும் வளைந்து நெளிந்து, இடுப்போடு சேர்ந்து வால் ஆடினால் அது சந்தோஷம். உடம்பு விறைத்து, வால் மட்டும் உயரத் தூக்கிச் சின்னச் சின்னதாக அதிர்ந்தால் அது எச்சரிக்கை. கால்களுக்கு இடையில் ஒடுங்கிய வால் பயம். அந்தப் பயத்தோடு மூலையில் மாட்டிக்கொண்ட நாய்தான் பெரும்பாலும் கடிக்கும்; வழி விட்டால் ஓடிவிடும்.

முகத்தைக் கவனியுங்கள். சோறு எதுவும் இல்லாதபோது மூக்கை நக்குவது, தூக்கம் இல்லாதபோது கொட்டாவி விடுவது, தலையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு கண்ணால் மட்டும் உங்களைப் பார்ப்பதால் கண்ணின் வெள்ளை பிறைபோல் தெரிவது, இவை மூன்றும் 'எனக்கு இது பிடிக்கவில்லை, கொஞ்சம் தள்ளிப் போ' என்பதற்கான சைகைகள். இதற்கும் நாம் அசையாவிட்டால் அடுத்தது உறைந்து நிற்பது. மூச்சைக்கூட நிறுத்தியது போல் ஒரு கணம் அசைவற்று நிற்கும். அந்தக் கணத்தைத் தவறவிடாதீர்கள். பிறகுதான் உறுமல், பல் காட்டுவது, கடி எல்லாம். "சும்மா இருந்த நாய் திடீர்னு கடிச்சிட்டுது" என்று சொல்லப்படும் சம்பவங்கள் பலவற்றில் நாய் முன்பே பலமுறை சொல்லியிருக்கும். கவனிக்க ஆள் இருந்திருக்காது.

உறுமும் நாயை ஒருபோதும் அதட்டாதீர்கள், அடிக்காதீர்கள். உறுமல் என்பது கடிக்காமல் இருக்க நாய் செய்யும் முயற்சி. உறுமியதற்கு அடி வாங்கிய நாய், அடுத்த முறை உறுமாமலே கடிக்கக் கற்றுக்கொள்ளும். உறுமி எச்சரிக்கும் நாயைத் தாளில் நல்ல விஷயமாகவே நான் எழுதுவேன்.

கம்பிக்குள் இருந்தபடி எகிறிக் குரைக்கும் நாய்கள் பல, வெளியே கொண்டுவந்ததும் சாதுவாகிவிடும். தடுப்பு இருப்பதால் வரும் எரிச்சல் அது. கூண்டில் பார்த்ததையும் வெளியே பார்த்ததையும் தனித்தனி வரியில் எழுதுங்கள்.

வெளியே நடத்திப் பார்ப்பது

காலை ஆறு மணிக்கு நடத்துங்கள். சித்திரை வெயிலில் பத்து மணிக்கே தார் ரோடு நாயின் பாதத்தைச் சுட்டுவிடும். சூட்டில் துள்ளும் நாயை 'அடங்காது' என்று எழுதிவிடக் கூடாது. இரண்டு பேர் போக வேண்டும்: ஒருவர் கயிற்றைப் பிடிக்க, ஒருவர் பார்த்து எழுத. கயிறு பிடிப்பவர் எழுதவும் செய்தால் இரண்டுமே கெட்டுவிடும்.

கையில் வேகவைத்த கோழித் துண்டு வைத்துக்கொள்ளுங்கள். இது வெறும் லஞ்சம் இல்லை, அளவுகோலும் கூட. பசியோடு இருக்கும் நாய் கோழியை மோந்து பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டால், பயத்தின் எல்லையைத் தாண்டிவிட்டது என்று அறியலாம். உடனே சத்தமில்லாத இடத்துக்குத் திரும்பிவிடுங்கள், அன்றைக்கு அவ்வளவுதான்.

நடக்கும்போது உங்களைத் திரும்பிப் பார்க்கிறதா, கூப்பிட்டால் காது அசைகிறதா, எதிரே வரும் பைக்கைப் பார்த்து என்ன செய்கிறது என்று குறியுங்கள். எதற்குத் திடுக்கிடுகிறது என்பதைவிட, திடுக்கிட்டபின் எவ்வளவு நேரத்தில் தேறுகிறது என்பது முக்கியம். எல்லா நாயும் திடுக்கிடும். புல்லட் சத்தத்துக்குக் குதித்துவிட்டு, நீங்கள் பத்து எண்ணுவதற்குள் மறுபடி தரையை மோந்து நடந்தால் அந்த நாய் ரயில்வே கேட் பக்கத்து வீட்டிலும் இருந்துகொள்ளும். அரை மணி நேரமாகியும் நடுக்கம் நிற்காத நாய்க்கு ஊருக்கு ஒதுக்குப்புறமான, அமைதியான வீடு தேட வேண்டும்.

தொட்டுப் பார்ப்பது

நாயாக உங்களிடம் வந்தபின் தொடங்குங்கள். மார்பிலோ தோளிலோ மூன்று எண்ணும் வரை தடவிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். நாய் கிட்டே வந்து கையை முட்டினால் இன்னும் தடவலாம். விலகினாலோ, உடம்பை உதறிக்கொண்டு போனாலோ, போதும் என்கிறது. இதை மாற்றி மாற்றிச் செய்து, பிறகு மெதுவாகக் காது, பாதம், வால் அடி, பெல்ட் என்று போகலாம். ஒரே நாளில் எல்லாம் வேண்டாம். கட்டிப்பிடிப்பது, முகத்தோடு முகம் வைப்பது, வாயைப் பிளப்பது எதுவும் கூடாது.

சோற்றுத் தட்டு

நாய் சாப்பிடும்போது ஒரு குச்சியில் மாட்டிய பிளாஸ்டிக் கையைத் தட்டுக்குள் விட்டு, கடிக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் அமெரிக்கக் காப்பகங்களில் இருந்தது. இணையத்தில் இன்னும் அந்த வீடியோக்கள் கிடைக்கின்றன. பார்த்துவிட்டு அப்படியே செய்யாதீர்கள். 2013-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், காப்பகத்தில் தட்டைக் காத்து உறுமிய நாய்களில் ஏறக்குறைய பாதி, வீட்டுக்குப் போனபின் அப்படிச் செய்யவே இல்லை. காப்பகத்தில் உறுமாதவற்றிலோ, ஐந்தில் ஒன்று வீட்டில் செய்தது. பட்டினி கிடந்து, பத்து நாய்க்கு நடுவில் ஒரு பிடிச் சோற்றைக் காப்பாற்றிப் பழகிய தெரு நாய் தட்டைக் காப்பதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

செய்ய வேண்டியது எளிது. தட்டை வைத்துவிட்டு ஆறேழு அடி தள்ளி நில்லுங்கள். தட்டில் இருப்பதைவிட நல்ல துண்டு ஒன்றை அங்கிருந்தே எறியுங்கள். நிமிர்ந்து பார்த்து வாலாட்டுகிறதா, வேகவேகமாக விழுங்குகிறதா, தட்டின் மேல் கவிந்து உறைகிறதா? எதுவானாலும் அந்தத் தூரத்தோடு எழுதிவிட்டு வந்துவிடுங்கள். தட்டைப் பிடுங்க வேண்டாம். சின்னப் பிள்ளைகள் இல்லாத வீடாக இருந்து, சாப்பிடும்போது கதவைச் சாத்திவிட்டால், இந்தப் பழக்கத்தோடே பல நாய்கள் நிம்மதியாக வாழ்ந்துவிடும்.

மற்ற நாய், பூனை, கோழி

இரண்டு நாயை நேருக்கு நேர் மூக்கோடு மூக்கு நிறுத்தாதீர்கள். காப்பகத்தில் எதற்கும் அலட்டிக்கொள்ளாத வயதான நாய் ஒன்று இருக்கும். அதைத் துணைக்கு எடுத்துக்கொண்டு, இரண்டையும் தெருவின் இரு ஓரமாக ஒரே திசையில் நடத்துங்கள். இடைவெளியை மெல்ல மெல்லக் குறையுங்கள். முன்னங்காலை மடித்துப் பின்பக்கம் தூக்கிக் குனிந்தால் விளையாடக் கூப்பிடுகிறது. விறைத்து முறைத்தால் விலக்கிவிடுங்கள்.

நம் ஊரில் வீட்டுக்குள் இன்னொரு நாய் இல்லாவிட்டாலும், கேட்டுக்கு வெளியே தெரு நாய்கள் கட்டாயம் இருக்கும். அவற்றைக் கடந்துதான் தினமும் காலையில் நடக்க வேண்டும். ஆகவே இந்தப் பகுதியை விட்டுவிடாதீர்கள். பாகூர், அரியாங்குப்பம், வில்லியனூர் பக்கத்து வீடுகளில் கோழியும் ஆடும் இருக்கும். கயிற்றில் பிடித்தபடி தூரத்திலிருந்து காட்டுங்கள். பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும் நாய் வேறு, கண் இமைக்காமல் குறிவைத்து நிற்கும் நாய் வேறு.

வீட்டுச் சாமான்கள், ஆட்கள்

தூரத்தில் ஒரு எவர்சில்வர் தட்டைப் போடுங்கள். மிக்ஸி ஓடட்டும். குடையை விரியுங்கள். ஹெல்மெட் போட்ட ஒருவர், லுங்கியை மடித்துக் கட்டிய ஒருவர், கைத்தடி ஊன்றிய ஒருவர், புடவைத் தலைப்பு காற்றில் பறக்க ஒருவர் என்று நடந்து போகட்டும். துடைப்பத்தை ஓங்க வேண்டாம், எடுத்தாலே போதும். முக்கியமாக, யாராவது தரையிலிருந்து எதையாவது எடுப்பதுபோல் குனியட்டும். கல்லடி வாங்கிய நாய் அந்தக் குனிவைப் பார்த்ததும் காதை மடித்து ஓடும். தத்தெடுத்த வீட்டில் பாட்டி பூப்பறிக்கக் குனியும்போதெல்லாம் நாய் ஏன் கட்டிலுக்கு அடியில் போகிறது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும் அல்லவா?

பட்டாசு வெடித்துச் சோதிக்காதீர்கள், அது கொடுமை. தீபாவளிக்கும், மாசி மகத்தன்று வைத்திக்குப்பத்திலோ தேவனாம்பட்டினத்திலோ சாமி கடலுக்கு வரும்போது கேட்கும் மேளத்துக்கும் வாணத்துக்கும் நாய் எப்படி இருந்தது என்று அன்றைக்குக் காப்பகத்தில் இருப்பவர் ஒரு வரி எழுதினால் போதும்.

குழந்தைகளைச் சோதனைக்குப் பயன்படுத்தவே கூடாது. குழந்தை உள்ள குடும்பம் நாய் பார்க்க வந்தால், பெரியவர் பக்கத்தில் இருக்க, பிள்ளை உட்கார்ந்திருக்க, நாய் தானாகக் கிட்டே வருகிறதா என்று மட்டும் பாருங்கள். தொடுவதில் எல்லாச் சோதனையிலும் நிதானமாக இருந்த நாயாக இருந்தால்தான் இதுகூட.

குட்டிகள்

குட்டிக்குக் குணம் பார்த்து மதிப்பெண் போடுவதில் பயன் குறைவு. சின்ன வயதில் வைக்கும் சோதனை, வளர்ந்தபின் எப்படி இருக்கும் என்று சரியாகச் சொல்வதில்லை. மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டு, பதினான்கு வாரம் வரை குட்டி பார்க்கும் மனிதர்களும் கேட்கும் சத்தங்களும்தான் அதன் பயத்தையும் தைரியத்தையும் பெரும்பாலும் உண்டாக்குகின்றன. அந்த நேரத்தைச் சோதிக்கச் செலவழிக்காமல், பலதரப்பட்ட ஆட்களைப் பழக்கச் செலவழியுங்கள்.

சில நாள் ஒரு வீட்டில்

என்னைக் கேட்டால் எல்லாப் படியிலும் இதுதான் பெரிய படி. தத்துக்கு முன் ஒரு தன்னார்வலர் வீட்டில் நாயைச் சில நாள் வைத்துப் பார்ப்பது. ஓரிரு ராத்திரி வெளியே தங்கினாலே காப்பக நாய்களின் கார்டிசால் குறைகிறது என்று 2019-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. கூண்டில் ஊளையிட்ட நாய் மின்விசிறிக்குக் கீழே கால் நீட்டித் தூங்கும். கூண்டில் சாதுவாக இருந்தது, வீட்டில் தனியே விட்டால் கதவைப் பிறாண்டும். இரண்டையும் காப்பகத்துக்குள் இருந்து கண்டுபிடிக்க முடியாது. இடம் கொடுக்க ஆள் இல்லாவிட்டால், ஒரு பகல் மட்டுமாவது ஒரு வீட்டுத் திண்ணையில் இருந்துவிட்டு வரட்டும்.

தாளில் எழுதுவது

'கோபக்கார நாய்' என்று எழுதாதீர்கள். 'சோறு வைத்தபின் மூன்றடி தூரத்தில் ஆள் நின்றபோது உறுமியது. ஆறடிக்கு விலகியதும் நிறுத்தியது' என்று எழுதுங்கள். 'பயந்தாங்கொள்ளி' வேண்டாம், 'ஆண்கள் நின்றால் ஒதுங்கியது, உட்கார்ந்தால் ஐந்து நிமிஷத்தில் கிட்டே வந்தது' போதும். தேதி, நேரம், இடம், யார் பார்த்தது என்பதையும் சேருங்கள். முதல் வகை வரியைப் படிப்பவருக்கு என்ன செய்வதென்று தெரியாது. இரண்டாவதைப் படித்தால் தெரியும்.

இனத்தை வைத்தும் எழுதாதீர்கள். லேப் (லேப்ரடார்) என்றால் குழந்தைக்கு நல்லது, ராஜபாளையம் என்றால் முரடு, நாட்டு நாய் என்றால் நம்ப முடியாது என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். 2022-இல் பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களை வைத்துச் செய்த பெரிய மரபணு ஆய்வில், தனி நாய்களின் நடத்தை வேறுபாட்டில் இனம் விளக்கியது ஏறக்குறைய 9 சதவீதம்தான் என்று வந்தது. உங்கள் முன் நிற்கும் நாயைப் பற்றி மட்டும் எழுதுங்கள்.

பலமுறை, எச்சரிக்கை இல்லாமல், ஆழமாகக் கடித்த நாயை வீட்டுக்குக் கொடுக்கும் முடிவைப் புதியவர்கள் எடுக்கக் கூடாது. அதை டாக்டரும் மூத்தவர்களும் பேசி முடிவு செய்யட்டும். அதேபோல் நான்கு சுவருக்குள் இருக்கவே முடியாமல் தவிக்கும் தெரு நாயும் உண்டு. அதற்குக் கெட்ட குணம் ஒன்றும் இல்லை, வீடு பிடிக்கவில்லை, அவ்வளவே. 2023-ஆம் ஆண்டு விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, கருத்தடையும் வெறிநாய்த் தடுப்பூசியும் முடிந்த தெரு நாயைப் பிடித்த இடத்திலேயே விடுவதுதான் பொது நடைமுறை. பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற இடங்களில் பிடித்தவற்றை அங்கே திரும்ப விடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் உத்தரவிட்டது. ஆகவே பிடித்த இடத்தைத் தாளில் தெளிவாக எழுதியிருக்க வேண்டும்.

வீட்டையும் பார்க்க வேண்டும்

நாயைப் பார்த்த அதே அக்கறையோடு வருகிறவர்களையும் விசாரியுங்கள். லாஸ்பேட்டையில் இரண்டாம் மாடிக் குடியிருப்பா, வில்லியனூரில் காம்பவுண்டு வீடா? பகலில் யார் இருப்பார்கள்? வீட்டு ஓனர் சம்மதித்தாரா? யார் நடத்திக்கொண்டு போவார்? எழுபது வயதுத் தம்பதிக்கு இழுத்துக்கொண்டு ஓடும் இரண்டு வயது லேபைக் கொடுத்தால் ஒரு வாரத்தில் யாராவது விழுந்து இடுப்பு உடையும். அவர்களுக்கு எட்டு வயதுச் சாது நாய் ஒன்றை அறிமுகம் செய்யுங்கள். வயதான நாய்களைக் கேட்டு வருபவர்கள் குறைவு.

தாளின் நகல் ஒன்றைக் கையில் கொடுத்து, உட்காரவைத்துப் படித்துக்காட்டுங்கள். உறுமியது, பல் பட்டது எதையும் மறைக்காதீர்கள். "வேண்டாம்னா இப்பவே சொல்லிடுங்க, தப்பே இல்ல" என்று நீங்களே சொல்லுங்கள். முதல் மூன்று நாள் நாய் மிரண்டிருக்கும், மூன்று வாரத்தில் வீட்டு நேரம் பழகும், சொந்த வீடு என்று உணர மூன்று மாதம் ஆகும் என்பது காப்பகங்களில் வழக்கமாகச் சொல்லும் தோராயக் கணக்கு. அந்த மூன்று கட்டத்திலும் நீங்களே போன் செய்யுங்கள். "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்பார்கள். "நேத்து ராத்திரி எங்க படுத்துது? யாரையாவது பார்த்து உறுமிச்சா?" என்று கேளுங்கள். பதிலைத் தேதியோடு அதே தாளில் சேர்த்துவிடுங்கள். நாய் திரும்பி வந்துவிட்டாலும் அந்த வீட்டில் என்ன நடந்தது என்பதைக் கோபப்படாமல் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த வீடு தேடும்போது முதலில் படிக்க வேண்டியது அந்தப் பக்கத்தைத்தான்.